யார் கணக்கில் எழுதுவது?

துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் போகும் நேரத்துக்காக நாம் எல்லோரும் கைவசம் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறோம். ‘எல்லாம் அவன் செயல்!’

சொல்லும்போதே கண் தானாக மேலே போகும். சுற்றாத ஃபேனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், ‘நம்ம கையில என்னங்க இருக்கு’ என்று முடித்து வைப்பார். வரக்காப்பி வரும். குடித்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒரு வீடு. பத்தொன்பது வயசுப் பையன், பாலிடெக்னிக் கடைசி வருஷம். டூவீலரில் நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது லாரி அடித்து அங்கேயே முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் போயிருந்தேன். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அந்த அம்மாவிடம், “அழாதத்தா. குடுத்தவன் எடுத்துக்கிட்டான். எல்லாம் அவன் செயல்தேன்” என்றார்.

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப, லாரிய ஓட்டிக்கிட்டு வந்து எம் புள்ளைய அடிச்சது அவன்தேன்னு சொல்றீகளா மாமா?”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? போன ஜென்மத்துக் கர்மா என்றா? கடவுள் நல்லவங்களைத்தான் சோதிப்பார் என்றா? அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்றா? எதைச் சொன்னாலும் அந்த அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கும். எல்லாம் அவன் செயல் என்றால் இதுவும் அவன் செயல். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை.

நான் படித்தது பி.காம். டிரையல் பேலன்ஸ் போடும்போது பற்றும் வரவும் டேலி ஆகவில்லை என்றால் எங்களுக்கு ஒரு வழி சொல்லித் தருவார்கள். வித்தியாசப்படும் தொகைக்கு ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு தலைப்புப் போட்டு அதில் தூக்கி வைத்துவிட வேண்டியது. அப்போதைக்கு இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ஆனால், அது தற்காலிகம்தான். தப்பு எங்கே நடந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, தொகையை உரிய கணக்குக்கு மாற்றி, சஸ்பென்ஸை மூட வேண்டும். மூடாமல் வருஷா வருஷம் அடுத்த புத்தகத்துக்குத் தள்ளிக்கொண்டே போகும் கம்பெனியைக் கண்டால் எந்த ஆடிட்டருக்கும் மூக்கு வியர்க்கும்.

கடவுளுக்கு நாம் கொடுத்திருக்கும் உத்தியோகம் கிட்டத்தட்ட அதுதான். டேலி ஆகாத எல்லாவற்றையும் அவர் தலையில் தூக்கி வைக்கிறோம். பிறகு தேடுவதில்லை.

சாதாரண ஜனங்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். அந்தச் சமயம் காந்தி தீண்டாமைக்கு எதிரான பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24-ம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். அதே பயணத்தில்தான் மதுரைக்கும் வந்தார்.

இதைப் படித்துவிட்டு ரவீந்திரநாத் தாகூர் பதறிப்போனார். காந்தியை ‘மகாத்மா’ என்று அழைத்தவர் அவர். அவரே மறுப்பு எழுதினார். பூமி அதிர்வதற்குக் காரணம் பூமிக்குள் இருக்கிறது, அதை மனிதனின் பாவ புண்ணியத்தோடு முடிச்சுப் போடுவது சரியல்ல என்றார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் கூர்மையான இடம். இந்த மாதிரி வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் பொருத்தமானது; தீண்டாமையை எதிர்த்துக் காந்தி ஆட்டம் போட்டதால்தான் சாமி கோபித்துக்கொண்டது என்று அவர்கள் திருப்பிச் சொன்னால் என்ன செய்வது? காந்தி அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார். கூடவே, தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை என்று பதிலும் எழுதினார்.

இரண்டு பேருமே தீண்டாமையை வெறுத்தவர்கள். காந்தியின் நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால், என் ஓட்டு தாகூருக்கு. இடிந்த வீட்டுக்குள் செத்த பச்சைக் குழந்தை எந்தக் கோயில் வாசலில் யாரை மறித்தது?

சரி, பூகம்பமும் லாரியும் கடவுள் கணக்கில் வராது என்றால் கடவுளுக்கு இங்கே என்ன வேலை? ‘ஒரு வேலையும் இல்லை, ஆளே கிடையாது’ என்பது ஒரு பதில். பெரியார் மண்ணில் அதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள், அது நேர்மையான பதிலும்கூட. ஆனால், கும்பிடவும் வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு வேறு வழி உண்டா?

உண்டு என்று சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியார்.

ஆல்ஃபிரட் நார்த் வொயிட்ஹெட். 1861-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு சேர்ந்து கணிதத்தின் அடித்தளம் பற்றி மூன்று தடித்தடி வால்யூம்கள் எழுதினார். 1918-ல், முதல் உலகப் போரில், விமானப் படையில் இருந்த இளைய மகன் எரிக் இறந்தான். 1924-ல், நம் ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வாக்கிங் போகும் அறுபத்து மூன்றாவது வயதில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தத்துவப் பேராசிரியராகக் கப்பலேறினார். 1929-ல் அவர் எழுதிய ‘பிராசஸ் அண்ட் ரியாலிட்டி’யைப் படிக்கிறேன் என்று உட்காராதீர்கள். பத்துப் பக்கத்தில் தலை சுற்றும். ரஸ்ஸல் நாத்திகராகவே இருக்க, கூட எழுதிய இவர் கடவுள் பக்கம் வந்தார். ஆனால், பாதிரியார்கள் கும்பிட்ட கடவுளாக அது இல்லை.

வொயிட்ஹெட் வழியில் வந்த சிந்தனைக்கு ‘பிராசஸ் தியாலஜி’ என்று பெயர். நாம் ‘நிகழ்வு இறையியல்’ என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பிறகு அதை வளர்த்தவர் சார்லஸ் ஹார்ட்ஷோர்ன். கடவுளைப் பற்றியும் எழுதினார், பறவைகள் பாடுவதைப் பற்றியும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நூற்று மூன்று வயசு வாழ்ந்து 2000-ல்தான் காலமானார். அடுத்த தலைமுறையில் ஜான் காப். 1973-ல் கலிஃபோர்னியாவில் கிளேர்மான்ட் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு ஆய்வு மையம் ஆரம்பித்தவர், 2024 டிசம்பரில் மறைந்தார். இவருக்கும் வயது தொண்ணூற்று ஒன்பது. கடவுளைக் கோபமில்லாமல் யோசித்தால் ஆயுசு கூடும்போலிருக்கிறது!

இவர்கள் சொல்வதை மதுரைக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மல்லிகை மொட்டாக வருகிறது. சாயங்காலம் யார் தலையிலோ விரிகிறது. மறுநாள் காலையில் பழுப்பாகித் தெருவில் கிடக்கிறது. இதில் எது மல்லிகை? மொட்டா, பூவா, சருகா? நடுவில் ஏதோ ஒரு நிமிஷத்தில் நிறுத்திவைத்து இதுதான் என்று காட்ட முடியாது. மொத்த நடப்புக்கும் பெயர்தான் மல்லிகை. உலகத்தில் உள்ள எல்லாமே இப்படித்தான், நாற்காலி உட்பட, என்கிறார் வொயிட்ஹெட். பொருள் என்று நாம் நினைப்பதெல்லாம் நிகழ்வு. ஒவ்வொரு நிகழ்வும் தனக்கு முன்னால் நடந்ததை வாங்கிக்கொண்டு, தன் பங்குக்கு ஏதோ ஒன்றைத் தானே தீர்மானித்து, அடுத்ததுக்குக் கைமாற்றிவிடுகிறது.

அந்தத் ‘தானே தீர்மானித்து’ என்பதில்தான் சூட்சுமம். எல்லாவற்றுக்கும் கொஞ்சமாவது சுயேச்சை இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் ஒருவரே ஆட்டிவைக்க முடியாது. கடவுளும்தான். அவரால் கட்டாயப்படுத்த முடியாது, அழைக்க முடியும். இருக்கிற நிலைமையில் எது நல்லதோ அந்தப் பக்கம் ஒவ்வொரு கணமும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கேட்பதும் கேட்காததும் நம் பாடு.

கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார், பார்த்திருக்கிறீர்களா? இப்போது பல இடங்களில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. வாசிப்பவர் எங்கே போனாலும் அந்த ஒரே சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கும். தப்பாக வாசித்தால் குறுக்கே விழுந்து நாயனத்தைப் பிடுங்காது. ஆனால், அது ஒலிப்பதால்தான் தப்பு தப்பு என்று தெரிகிறது, திரும்பி வரவும் வழி தெரிகிறது. வொயிட்ஹெட்டின் கடவுள் ஏறக்குறைய இப்படி.

ஒரே ஒரு இடத்தில் இந்த உதாரணம் உதைக்கும். அபஸ்வரம் வாசித்தால் சுருதிப் பெட்டிக்கு வலிக்காது. வொயிட்ஹெட்டின் கடவுளுக்கு வலிக்கும்.

ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படித்தவர்கள் சொல்லிவந்தது நேர் எதிர். கடவுள் பூரணமானவர், அதனால் மாற மாட்டார். மாறாதவர் என்பதால் அவரை எதுவும் தீண்டாது, துக்கம் உட்பட. நம் சைவ சித்தாந்தத்திலும் பதி என்றால் மாறாதவர், துன்பம் அண்டாதவர்தான். வொயிட்ஹெட், அது ஒரு ராஜாவைப் பார்த்துச் செய்த கடவுள் என்றார். உலகத்தில் நடக்கும் ஒவ்வொன்றும் கடவுளுக்குள் போய்ச் சேர்கிறது, அவரைப் பாதிக்கிறது, ஒன்றுகூட வீணாகாமல் அவரிடம் தங்குகிறது. அவர் நம்மோடு கூட இருந்து படுகிறவர். போரில் மகனைப் பறிகொடுத்த ஓர் அப்பா இதை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடவுளுக்கு வலிக்குமா? ஹார்வர்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. ஆரப்பாளையத்தில் கேட்டால் போதும்.

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. மாணிக்கவாசகர் மேலூர் தாலுகா திருவாதவூர்க்காரர், பாண்டியனின் மந்திரி. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். நரிகள் குதிரையாகி வந்து, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நரியாகி ஓடிவிட, ராஜா அவரை வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினான். சிவன் வைகையில் வெள்ளத்தை வரவைத்தார். கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. பிட்டு அவித்து விற்கும் வந்திக் கிழவிக்கு யாருமில்லை. அவளுக்குக் கூலி ஆளாகச் சிவனே மண்வெட்டியும் கூடையுமாக வந்து சேர்ந்தார். கூலி, உதிர்ந்த பிட்டு.

வந்தவர் ஒழுங்காக வேலை பார்த்தாரா? பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், தூங்கினார். கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. வந்து பார்த்த பாண்டியனுக்குக் கோபம். பிரம்பை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடி அவன் முதுகிலேயே விழுந்தது. ராணி, மந்திரி, காவல்காரன், குதிரை, யானை, வயிற்றுக்குள் இருந்த சிசு என்று எல்லோர்மேலும் விழுந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இது அறுபத்தோராவது படலம், மண் சுமந்த படலம்.

இன்றைக்கும் ஆவணி மூலத் திருவிழாவில் இதை நடத்திக் காட்டுகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருவார்கள். சொக்கநாதரும் மீனாட்சியும் கோயிலை விட்டுக் கிளம்பி ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும் வரை பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். விவரம் தெரியாமல் வெளியூரிலிருந்து வந்த கூட்டம் வாசலில் நின்று விசாரிக்கும். சாமி மண் சுமக்கப் போயிருக்கிறது என்று பூக்கடைக்காரர் பதில் சொல்வார்.

அந்தப் பிரம்படியைக் கொஞ்சம் யோசியுங்கள். சாதாரணமாக நாம் இதை, ‘பார்த்தாயா, எல்லோருக்குள்ளும் சாமி இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். நான் அதைப் பின்பக்கமிருந்து படித்துப் பார்க்கிறேன். கூலிக்காரன் முதுகில் விழுந்த அடி உலகம் முழுக்க வலித்தது என்றால், உலகத்தில் யார் முதுகில் விழுந்த அடியும் அந்தக் கூலிக்காரனுக்கு வலித்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு வழியில் மட்டும் கரன்ட் பாயுமா என்ன?

‘ஆஹா, வெள்ளைக்காரன் 1929-ல் கண்டுபிடித்ததை நாங்கள் எப்போதோ சொல்லிவிட்டோம்’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான், கதை விட மாட்டேன் என்கிறது. கரையை உடைத்த வெள்ளத்தை அனுப்பியது யார்? அதே சிவன்தான். ஒரு பக்தருக்காக ஊரையே முழுகவிட்டு, அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு கூலிக்கு வருகிறார்! அதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் விளையாட்டு. வொயிட்ஹெட்டின் கடவுளுக்கு அந்த விளையாட்டு தெரியாது. வெள்ளம் அனுப்ப அவரால் முடியாது. கூடை தூக்க மட்டும்தான் முடியும். ஒரே கதைக்குள் இரண்டு கடவுள்கள் இருக்கிறார்கள், ஒருவர் ஆட்டிவைக்கிறவர், இன்னொருவர் அடி வாங்குகிறவர். மதுரை ஜனங்கள் வருஷா வருஷம் திருவிழா எடுத்து, தோப்பு வரை கூடவே நடந்து போவது இரண்டாமவருக்கு.

நம் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, 1969-ல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் கிறிஸ்தவப் பாட்டுகள் கட்டியவர், 2005-ல் இறந்துவிட்டார். ஒரே உலையில் எல்லோர் அரிசியையும் போட்டுச் சேர்ந்து சாப்பிடுவதுதான் அவருக்கு மீட்சி. வொயிட்ஹெட் கோஷ்டி அல்ல அவர், சேரி அனுபவத்திலிருந்து வந்தவர். ஆனாலும், மேலே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் கடவுளை இறக்கி அடுப்படியில் உட்காரவைத்ததில் இரண்டு பேருக்கும் உறவு உண்டு.

இதையெல்லாம் டீக்கடையில் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன்யா, கையாலாகாத சாமிக்கு எதுக்குய்யா தேங்கா உடைக்கணும்?” என்றார்.

நியாயமான கேள்வி. எந்த இறையியல் வகுப்பிலும் இதைவிடக் கஷ்டமாகக் கேட்க முடியாது.

அவருக்கு நான் சொன்னது வேளாங்கண்ணியை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை. அற்புதம் என்று நாடு முழுக்கப் பேசினார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் அப்படி நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதே மாதாவைக் கும்பிடப் பஸ் பிடித்து வந்து, கடலோரம் நின்றிருந்த நூற்றுக்கணக்கான பேரை அலை கொண்டுபோனது. கட்டடத்தைக் காப்பாற்றத் தெரிந்த ஒருவருக்கு, கையில் மெழுகுவத்தியோடு நின்ற குழந்தையைக் காப்பாற்றத் தெரியாதா? முடிந்தும் செய்யாத கடவுளைவிட, முடியாமல் கூடவே மூழ்கிய கடவுளைக் கும்பிடுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

அப்போது வேண்டுதல் எதற்கு? நேர்ச்சை, விரதம், முடி காணிக்கை எல்லாம் எதற்கு? மேலதிகாரியிடம் மனு கொடுத்து உத்தரவு வாங்குவது மாதிரி என்று நினைத்தால் பலனில்லைதான். ஆனால், நீங்கள் வேண்டிக்கொண்ட பிறகு உலகத்தில் ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கிறது, அது நீங்கள் வேண்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள், காலையில் டாக்டரிடம் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும், நோயாளியின் கையைப் பிடிக்கும் பிடி வேறாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு கடவுளாலும் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது செய்ய முடியும் என்கிறார்கள் இவர்கள். கேன்சர் கரைந்துவிடும் என்று சொல்லவில்லை.

இதில் எனக்கே தொண்டைக்குள் இறங்காத இடம் ஒன்று இருக்கிறது. செத்தவர்கள் என்ன ஆகிறார்கள்? ஹார்ட்ஷோர்ன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். செத்த பிறகு தனியாக ஒரு வாழ்க்கை தொடர்வதில்லை. ஆனால், வாழ்ந்த ஒவ்வொரு நிமிஷமும் கடவுளின் நினைவில் அழியாமல் இருக்கும். ரைட் ஆஃப் செய்யவே முடியாத லெட்ஜர். எனக்குப் பிடித்த உவமை, எழுதிப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. ஆனால், அந்த அம்மாவுக்கு வேண்டியது லெட்ஜர் அல்ல, பையன். ராத்திரி பத்தரைக்குக் கேட் திறக்கும் சத்தம். சொர்க்கத்தில் பார்க்கலாம் என்று சொல்லும் மதங்கள் அவருக்குக் கொடுப்பதை இந்தக் கணக்கு வாத்தியார்களால் கொடுக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. துக்க வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொல்வது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. அந்தப் பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்தது அவன் அப்பா. ‘வேணாம்னு சொல்லியும் கேக்காம டியூ போட்டு வாங்கிக் கொடுத்தேனே’ என்று திண்ணையில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவன் செயல் என்று ஒருவர் சொன்னபோது அந்த மனுஷன் முகத்தில் ஒரு நிமிஷம் பாரம் இறங்கியதை நான் பார்த்தேன். கடவுள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பாரம் எங்கே போய் விழும்? அவர் தலையில். பெரியவர் தெரிந்தோ தெரியாமலோ அவரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஆகவே, நாளைக் காலையிலிருந்து துக்க வீடுகளுக்குப் போய், ‘அப்படியெல்லாம் சொல்லாதீங்க, வொயிட்ஹெட் என்ன சொல்றார்னா…’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அடி விழும், அது எல்லோர்மேலும் விழாது.

ஆனால், அப்பா தலையில் மொத்தமாக எழுதுவதும் தப்பான பதிவுதானே? நிகழ்வு என்பதே ஆயிரம் கைமாற்றுகள் சேர்ந்தது. ஒரே பெயரில் பற்று எழுத முடியாது. அந்த டிரைவர் கண் மூடி எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, இன்னும் ஒரு டிரிப் அடி என்று போனில் விரட்டியது யார், ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போட்டபோது கடப்பதற்கு வழி ஏன் வைக்கவில்லை, அந்த இடத்தில் விளக்கு ஏன் இல்லை, இதற்கு முன்னால் அங்கே எத்தனை பேர், ஊர்க்காரர்கள் ஏன் இதுவரை ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை? பையன் ஹெல்மெட் போட்டிருந்தானா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். அந்த வீட்டில் அல்ல, மற்ற வீடுகளில். ஒவ்வொரு கேள்வியும் ஒரு சின்னப் பதிவு. எல்லாவற்றையும் எழுதி முடித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், யார் பெயரிலும் எழுத முடியாமல். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிளம்பியிருந்தால் என்கிற அது. அதைச் சும்மா விட்டுவிடலாம். அதற்காக மொத்தத் தொகையையும் சஸ்பென்ஸில் வைக்க வேண்டியதில்லை.

கூப்பிடுகிற கடவுள், கட்டாயப்படுத்தாத கடவுள் என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும்? காந்தி 1934-ல் தண்டனை என்று சொன்ன அதே தீண்டாமை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பூகம்பம் வந்து போனது. மீனாட்சி கோயிலில் அதற்காக ஒரு கதவும் திறக்கவில்லை. நாலு வருஷம் ஆனது, ஐந்து வருஷம் ஆனது. பேச்சு, பிரசாரம், வீடு வீடாகப் போய்க் கெஞ்சல். 1939 ஜூலை 8-ம் தேதி காலையில் மதுரை வைத்தியநாத ஐயர் என்ற வக்கீல், தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரையும் ஒரு நாடாரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார். ஐந்து பேரில் ஒருவர் மேலூர் பக்கத்து இளைஞர் கக்கன், பின்னாளில் மந்திரி ஆனவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். அவர் ‘முடியாது, வெளியே போங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் நிறையப் பேர் நெருக்கினார்கள். பட்டர்களில் சிலர் இனி பூசைக்கு வர மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். ஐயரின் சொந்த ஜாதியில் அவரைப் பேசாத பேச்சில்லை.

கடவுள் எங்கே வந்தார் இதில்? இடி விழவில்லை, அசரீரி கேட்கவில்லை. ஒரு வக்கீலுக்கு மனசு உறுத்தியது. ஒரு அதிகாரி அன்றைக்குக் காலையில் ஒரு முடிவு எடுத்தார். ஆறு பேர் பயத்தோடு படி தாண்டினார்கள். ஒதுங்கிப் போன பட்டர்களுக்கும் அதே அழைப்பு கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இருந்துவிடும் உரிமை அவர்களுக்கும் இருந்தது.

தாழ்த்தப்பட்டவர்களை விடாத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்று இருந்தவர் காந்தி. 1946-ல் மறுபடி மதுரைக்கு வந்தார். அந்த முறை மீனாட்சியைப் பார்க்க உள்ளே போனார்.